அப்பா, கீழே போய்ப் பிடியுங்க

பாட்டும் பரதமும் முடிந்து பந்திக்கு எழும் நேரத்தில் சிகரெட் புகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புகைப்பவர்களுக்கு அறிவுரை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இருமுகிறவர்களோடுதான் பேச்சு.

நாம் வாழும் கலிஃபோர்னியாவில் 1995இல் அலுவலகங்களிலும் 1998இல் மதுக்கூடங்களிலும் புகைக்கத் தடை வந்தது. பிள்ளைகள் இருக்கும் காரில் பிடித்தால் 2008 முதல் அபராதம். வெளியே சட்டம் துணை நிற்கிறது. வீட்டுக்குள் நடப்பதோ உறவுமுறையின் ஆட்சி.

பெரியவர் எதிரே வந்தால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பவர்கள் நாம். கொரியர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. நல்ல மரியாதைதான். ஆனால், பெரியவரே பிடித்தால் சிறியவர் வாய் திறக்கக் கூடாது. மருமகள் திறக்கவே கூடாது. சீனக் கல்யாணங்களில் மணமகளே விருந்தினருக்குச் சிகரெட் பற்றவைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணிடம் 'உனக்குப் புகை ஒத்துக்கொள்ளுமா' என்று யார் கேட்டிருப்பார்கள்?

நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். ஆறு மாத விசாவில் வந்த மாமனார் பால்கனியில் நிற்பார். டிவி செய்தி காதில் விழ வேண்டுமென்று கண்ணாடிக் கதவு ஒரு சாண் திறந்திருக்கும். உள்ளே கைக்குழந்தை. மருமகள் எழுந்து போய் ஊதுவத்தி ஏற்றுவாள். அவளால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான். புகைக்கு மேல் புகை!

இது வெறும் நாற்றத்தைப் பற்றிய புகார் இல்லை. ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர் புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்து, 1981இல் முடிவை வெளியிட்டார். கணவர் அதிகம் புகைத்த வீடுகளில், மனைவியர் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது அதிகமாக இருந்தது. சிகரெட் நிறுவனங்கள் அதை மறுக்கப் படாத பாடு பட்டன, முடியவில்லை. பிறர் விடும் புகையில் 'இவ்வளவு பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது என 2006இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அறிக்கை சொல்லிவிட்டது. ஜன்னலைத் திறப்பதும் மின்விசிறியைப் போடுவதும் நம் மனச்சமாதானத்துக்குத்தான்.

சொன்னால் நடக்குமா? பக்கத்து ஊரான பெல்மான்ட்டைப் பாருங்கள். முதியோர் குடியிருப்பில் இருந்தவர்கள், அடுத்த வீட்டுப் புகை தங்கள் அறைக்குள் வருகிறது என்று நகரமன்றத்திடம் முறையிட்டார்கள். 2007இல் அந்த ஊர், தரையோ கூரையோ பகிரும் அடுக்கு வீடுகளுக்குள்ளேயே புகைக்கத் தடை போட்டது. வயதானவர்கள், நோயாளிகள் கேட்டு வாங்கிய சட்டம் அது.

நம் வீட்டில் இதைச் சொல்ல வேண்டியவள் மருமகள் அல்ல, மகன். "அப்பா, குழந்தைக்கு ஆகாது, கீழே போய்ப் பிடியுங்க" என்றால் போதும். பேரனுக்காக என்றால் மூன்று மாடி இறங்காத தாத்தா கிடையாது.

நம் தமிழ்ச் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த அரங்கின் வாசலிலேயே நின்று தம் அடிக்கும் நண்பர்களைக் கார் நிறுத்துமிடத்தின் கோடிக்கு அனுப்புங்கள். இன்னொன்று: புகையை விட நினைக்கும் ஆசியர்களுக்கென்று இலவசத் தொலைபேசி உதவி சீனம், கொரியம், வியட்நாமிய மொழிகளில் இருக்கிறது, அதில் தமிழ் இல்லை. இந்த அவையில் இத்தனை மருத்துவர்கள் இருக்கிறீர்கள். வாரம் ஒரு மணி நேரம் நம் அப்பாக்களோடு தமிழில் பேச ஒருவர் முன்வந்தால் போதும். விருந்துக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.