விசைப்பலகை யார் கையில்?

(கள்ளக்குறிச்சியில் நடந்த ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி வழிக் கற்பித்தல் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் கணினி படித்தவள் இல்லை, தமிழாசிரியை. கல்வராயன் மலையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கே நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்காம் வகுப்பில் வீட்டுக்குப் போன குழந்தை ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆனால் எங்கள் பிள்ளைகளின் ஊர்களில் பல வீடுகளில் தொலைக்காட்சி இல்லை. இருந்த வீட்டில் மழை வந்தால் மின்சாரம் இல்லை. அலைபேசிக்கு சிக்னல் வேண்டுமென்றால் மேட்டில் ஏறி நிற்க வேண்டும்.

அப்படி வந்தவர்களில் ஒரு சிறுமி. எழுத்துகள் பாதி மறந்துபோயிருந்தன. க, கா வரை படிப்பாள். கொ, கோ வந்தால் நின்றுவிடுவாள்.

தமிழ்நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வந்த உயர்தொழில்நுட்ப ஆய்வகம் எங்களுக்கும் வந்திருந்தது. கணினிகள் பத்து, வகுப்பில் பிள்ளைகள் முப்பது. ஒரு கணினிக்கு மூன்று பேர் என்று உட்கார வைத்தேன். விசைப்பலகையை நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தேன். ஏதாவது பழுதானால் யார் பதில் சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். எழுத்தே வராத பிள்ளைக்குக் கணினி எதற்கு, முதலில் எழுத்து வரட்டும் என்ற நினைப்பு மறுபக்கம். அந்தச் சிறுமிக்கு மூன்றாவது நாற்காலி. பல வாரங்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் மாலை ஆய்வகத்தைப் பூட்டப் போனேன். அணைத்து வைத்த கணினியின் முன் அவள் நின்றிருந்தாள். விரல்களை விசைகள் மேல் வைத்திருந்தாள்; அழுத்தவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “நான் தொடலைங்க டீச்சர்” என்றாள். நான் எதுவும் கேட்கவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவளை முதல் நாற்காலியில் உட்கார வைத்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, தமிழ்99 தட்டச்சு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். க, ச, த போன்றவை வலக்கைப் பக்கம். ‘க’வை அழுத்தி ‘ஆ’வை அழுத்தினால் ‘கா’. ஒரே மெய்யை இரண்டு முறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். நாம் கரும்பலகையில் நடத்தும் உயிர்மெய்ப் பாடம்தானே இது!

அவள் வீட்டுக் காட்டில் விளையும் ‘கொள்ளு’வை அடிக்கச் சொன்னேன். க, ஒ, ள, ள, உ. ஐந்து விசைகள். திரையில் ‘கொள்ளு’ வந்தது. பார்த்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். பிறகு அவளாகவே ‘கொடி’ அடித்தாள், ‘கோழி’ அடித்தாள். கரும்பலகையில் தவறினால் வகுப்பே பார்க்கும். திரையில் தவறினால் ஒரு விசையில் அழித்துவிடலாம். அந்தத் தைரியம்தான் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஏழாம் வகுப்புக்குப் போகும்போது சரளமாகப் படித்தாள் என்று சொன்னால் அது பொய். எழுத்துக் கூட்டிப் படித்தாள். தெரியாததைக் கை தூக்கிக் கேட்டாள்.

“எங்களுக்கே கணினி சரியாகத் தெரியாதே” என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக ஒரு செய்தி. காளிக்குப்பம் என்னும் தமிழ்க் கிராமத்தில் சுகதா மித்ரா, ரிது டங்வால் இருவரும் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பொது இடத்தில் வைத்த கணினியில், தமிழ் பேசும் பிள்ளைகள் மூலக்கூறு உயிரியலைத் தாமாகவே ஓரளவு கற்றார்கள். பிறகு அவர்களுடன் ஒரு பெரியவர் சேர்ந்தார். அவருக்கு அந்தப் பாடம் தெரியாது. ஊக்கப்படுத்துவதே அவர் வேலை. அதன்பின் அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண், டெல்லியில் வசதியான தனியார் பள்ளி மாணவர்களின் மதிப்பெண்ணுக்குச் சமமாக உயர்ந்தது. ஆசிரியர் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பக்கத்தில் நின்று “எப்படிச் செய்தாய்? எனக்கும் காட்டு” என்று கேட்க ஒருவர் வேண்டும். அதை நாம் எல்லோரும் செய்யலாம்.

நான் இப்போது கடைப்பிடிப்பவை மூன்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாற்காலி மாற வேண்டும். யார் எப்போது என்பதற்குப் பெயர்ப் பட்டியல் சுவரில் இருக்கும். தயங்கும் பிள்ளையே பட்டியலில் முதல். இரண்டாவது, இணையத்தை நம்பி வகுப்புக்குப் போவதில்லை. பாடநூலின் க்யூஆர் கோடு வழியே வரும் காணொளிகளை திக்‌ஷா செயலியில் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளலாம். மலைக்குப் பேருந்து ஏறுமுன் கீழேயே அந்த வேலையை முடித்துவிடுவேன். மூன்றாவது, காணொளி பத்து நிமிடம் என்றால், பிள்ளைகள் தாங்களே ஏதாவது செய்வதற்கு இருபது நிமிடம். பாட்டி சாமை புடைப்பதைப் பற்றி நான்கு வரி தட்டச்சு செய்தாலும் போதும்.

கருவிகள் இன்னும் வரும். அவற்றின் எண்ணிக்கையைக் கோப்பில் எழுதிவிடலாம். எத்தனை பிள்ளைகளின் விரல் அவற்றில் பட்டது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். நாளை பள்ளிக்குப் போனதும் உங்கள் வகுப்பில் இதுவரை விசைப்பலகையைத் தொடாத பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த ஆய்வக வகுப்பை அந்தத் தாளிலிருந்து தொடங்குங்கள்.