பர்மா அரிசி நின்றபோது



1939 செப்டம்பர் 3. இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். அமெரிக்கா 1941-ல் தன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்துப் போருக்குப் போனது. நம்மை யாரும் கேட்கவில்லை. அதை எதிர்த்து அக்டோபர் இறுதியில் சென்னை மாகாணத்தின் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. 1937 தேர்தலில் வென்று சட்டமன்றம் போன கடலூர் அஞ்சலையம்மாள் போன்றவர்களுக்குப் பேச அவையே இல்லாமல் போயிற்று. அடுத்த தேர்தல் 1946-ல்தான் வந்தது.

1942 மார்ச்சில் பர்மாவின் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கையில் இருந்தது. அந்தச் சமூகத்தில் பிறந்த அண்ணாமலை செட்டியார் எழுப்பியதுதான் 1929-ல் தொடங்கிய இந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம். போரில் அந்த நிலமெல்லாம் எட்டாமல் போனது; இந்தக் கட்டடங்கள் நின்றன.

பணக்காரர் நிலம் இழந்தார்கள். ஏழைகளின் உலைக்கு அரிசி இல்லை. பர்மாவிலிருந்து ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த 10 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசி நின்றுபோனது. சென்னை மாகாணம் அதை நம்பியிருந்தது. காவிரிப் பாசனத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் நமக்கு இது நம்பக் கடினம். ஆனால் மாகாணம் முழுவதற்கும் நம் நெல் போதவில்லை. போர் அன்றாட வாழ்வின் மற்றவற்றையும் தொட்டது. செம்புத் தட்டுப்பாட்டில் 1943 முதல் நடுவில் துளையிட்ட காலணா வந்தது. கடிகாரத்தைக்கூட 1942 முதல் 1945 வரை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். விலைவாசிக்கு ஈடாகத் தரும் பஞ்சப்படி சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டதும் அந்த ஆண்டுகளில்தான்.

1943-ல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் மடிந்தார்கள். அதே ஆண்டு சென்னையில் ரேஷன் வந்தது. தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பது அரசின் வேலை என்ற எண்ணம் இங்கே வேர்விட்டது அப்போதுதான். போர்க்காலத்தின் எந்த வீரச் செயலையும்விட அந்த ரேஷன் வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அமெரிக்காவிலும் சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் பங்கீட்டுப் புத்தகம் இருந்தது. போர் முடிந்ததும் ஓரிரு ஆண்டில் அதை மூடிவிட்டார்கள். அவர்கள் கைவிடாமல் வளர்த்தது கல்வியை. 1944-ல் இயற்றிய சட்டத்தால் ஏறத்தாழ 22 லட்சம் முன்னாள் படைவீரர்கள் கல்லூரிக்குப் போனார்கள். தென் மாநிலக் கறுப்பின வீரர்கள் பலருக்கு அந்தக் கதவு சரியாகத் திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நமக்கு நிலைத்தது ரேஷன் கடை. இடையில் 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் அறுபதுகளில் அரிசித் தட்டுப்பாடு திரும்பியது. 1967 தேர்தலில் அரிசி பெரும்பேச்சாக இருந்தது. 1997-ல் ஏழைகளைப் பிரித்து எடுத்து அவர்களுக்கு மட்டும் மலிவாகக் கொடுக்கலாம் என்று மத்திய அரசு சொன்னபோது, எல்லோருக்கும் கொடுப்போம் என்று தமிழ்நாடு நின்றது. அன்னியர் நம்மீது சுமத்திய போரிலிருந்து நம் மக்கள் உரிமையாகப் பிடித்துக்கொண்டது இந்த ரேஷன் கடையை. வாக்குச்சீட்டால் பிடித்துக்கொண்டார்கள்.

வேளாண் புலத்தில் பட்டம் பெறுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கடைக்குப் போகும் அரிசி இந்த மாவட்டத்து வயல்களிலும் விளைகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் போய்ப் பாருங்கள். மூட்டைகள் வெட்டவெளியில் கிடக்கின்றன. மழை வந்தால் நனைகின்றன. ஈரப்பதம் கூடுதல் என்று விவசாயியைக் காத்திருக்க வைக்கிறார்கள். உலர்த்துவதற்கும் சேமிப்பதற்கும் என்ன செய்யலாம் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். இந்தச் சம்பாவிலேயே ஒரு நிலையத்தில் தொடங்குங்கள்.