மூச்சோடு செல்லும் மருந்து

 

தண்டவாளமே இல்லாத இத்தீவில் இரயில் முன்பதிவுச் சீட்டு வழங்கும் எழுத்தன் யான், மருத்துவன் அல்லேன். எனினும் நம் சங்கத்தார் சிலர், “நுரையீரல் வடுநோய்க்குப் புது மருந்துப் பரிசோதனை என்கின்றார்களே, அதில் சேரலாமா?” என வினவினர். அதன்பொருட்டுப் படித்தறிந்தவற்றை ஈண்டுக் கூறுகின்றேன்.

நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் தடித்து வடுவாவதே இந்நோய். வறட்டிருமல் விடாது, படியேறினால் மூச்சு வாங்கும். ஆஸ்துமா என்றெண்ணிக் காலங்கழிப்போரும் உளர். இவ்வகை நோய்களைப்பற்றி 2017இல் வெளியான இந்திய ஆய்வில், 19 நகரங்களைச் சேர்ந்த 1,084 நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பூஞ்சை, பறவைத்தூசி முதலியவற்றால் விளையும் ஒவ்வாமை வகையினர். ஏர்கூலரின் மேலும் அவ்வாய்வு பழி சுமத்திற்று. மழைவிட்டும் சுவர் காயாத நம் வீடுகளை நினைத்துக்கொண்டேன்.

பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகிய விழுங்கும் மருந்துகள் நோயின் வேகத்தைக் குறைக்கும், வடுவை அழிக்கமாட்டா. குமட்டலும் வயிற்றுப்போக்கும் பலரை வாட்டும். மருந்தை மூச்சோடு நேரே நுரையீரலுக்கே அனுப்பினால் என்ன என்று ஆராய்ச்சியாளர் எண்ணியது இதனாலேதான்.

டிரெப்ரோஸ்டினில் என்பது நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தத்திற்கான மருந்து. வடுநோயோடு அவ்வழுத்தமும் உற்ற 326 பேரிடம் சோதித்து 2021இல் முடிவு வெளியிட்டனர். நோயாளர் கூடுதல் தொலைவு நடந்தனர். மூச்சின் கொள்ளளவும் மேம்பட்டிருந்தது. அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு எழுந்தவையே ‘டெட்டன்’ சோதனைகள். அவற்றுள் ஒன்றில் 597 பேர், 52 வாரம். 2025இல் அறிவித்த முடிவுப்படி, போலிமருந்து பெற்றோரைவிட மருந்து பெற்றோர்க்கு 95.6 மில்லிலிட்டர் கொள்ளளவு கூடுதலாகக் காக்கப்பட்டது. அரை டம்ளர்தானே என்பீர்கள். மருந்தின்றி ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் இழப்பவருக்கு அது சிறிதன்று. ஆயினும் நாளொன்றுக்கு நான்குமுறை, ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு இழுப்புவரை உள்வாங்க வேண்டும், இருமலும் வரும்.

இதே மருந்தை நாட்பட்ட மூச்சடைப்பு நோயினரிடம் சோதித்தபோது தீங்கு தென்பட, இடையிலேயே நிறுத்திவிட்டனர். ஆதலின் ஒரு நோய்க்கு உதவியதை மற்றொன்றுக்கு வாங்கி உறிஞ்சுதல் அறிவுடைமையன்று.

சேர விரும்புவோர் ஒப்புதல் படிவத்தைத் தமிழிலேயே கேட்டுப் பெறுக. தமக்குப் போலிமருந்தே கிட்டலாம். எப்போது வேண்டினும் விலகலாம். சோதனையால் ஊறு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டென்பது 2019ஆம் ஆண்டு விதி. நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். ஓராண்டில் எத்தனை முறை வரவேண்டும், வழிச்செலவு யாருடையது? கையெழுத்திடுமுன் இதனை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.