விரலை எண்ணட்டும், விடுங்க!

நடுவர் அவர்களே! மேலூர், திருமங்கலம் என்று சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து மதுரைக்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

பிள்ளைக்குக் கணக்கு வருவது கண்டிப்பாலா, கனிவாலா? எதிரணி நண்பர், ‘அடிச்சாத்தான் வாய்ப்பாடு மண்டையிலே ஏறும்’னார். ஐயா, அந்த மண்டைக்குள்ளே என்ன நடக்குதுன்னு படம் பிடிச்சே பார்த்துட்டாங்கய்யா!

அமெரிக்காவிலே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். வினோத் மேனன் குழுவினர், ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளை ஸ்கேன் கருவிக்குள்ளே படுக்கவைத்துக் கூட்டல் கணக்குக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குமேல் கழித்து அதே பிள்ளைகளுக்கு மறுபடியும் ஸ்கேன். 2014-இல் முடிவு வந்தது. ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டுவது குறைந்திருந்தது. நினைவைப் பதியவைக்கும் ‘ஹிப்போகேம்பஸ்’ என்ற பகுதி கூடுதலாக வேலை செய்தது. விரலிலே இருந்த கணக்கு, வளர வளர நினைவிலே குடியேறுது!

நம்ம வீட்டிலே? ‘எட்டும் ஏழும் எத்தனைடா?’ன்னா, பய முதுகுக்குப் பின்னாலே கையை ஒளிச்சு எண்ணுறான். விரலைப் பார்த்தா அப்பா ஸ்கேலை எடுத்துருவாரே! (சிரிப்பு) நம்ம பூ மார்க்கெட்டிலே அந்த அம்மா மல்லிகையை முழம் போடுறது எதாலே? கையாலேதானே! கையாலே அளக்குற ஊரிலே, பிள்ளை கையாலே எண்ணுனா குத்தமா? (கைதட்டல்)

அடுத்து, பயம். கணக்கென்றாலே நடுங்கும் பிள்ளைகளையும் அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2012-இல் சொன்னார்கள். அச்சத்தைக் கவனிக்கும் ‘அமிக்டலா’ அந்த மூளையில் அதிகமாகத் துடிக்கிறது. கணக்குப் போடும் பகுதிகள் மந்தமாகின்றன. கூரை பத்தி எரியும்போது அடுப்படியிலே சமையலா நடக்கும்?

இதற்கு மருந்து? 2015-இல் அதையும் சொன்னார்கள். எட்டு வாரம், ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், பக்கத்திலே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பயம் குறைந்தது; அமிக்டலாவின் துடிப்பும் அடங்கியது.

பயிற்சி வேண்டாம்னா சொல்றேன்? வாய்ப்பாடு வேணும், தினமும் வேணும். பக்கத்திலே அம்மா வேணும், பிரம்பு வேண்டாம். மூணாம் வகுப்பிலே ‘எனக்குக் கணக்கு வராது’ன்னு ஒரு பிள்ளை முடிவு கட்டிட்டா, அப்புறம் எத்தனை படிப்பின் கதவு அதுக்குத் திறக்காமலே போயிரும்! அந்தக் கதவைச் சாத்துறது பிள்ளையா, நாமா?

ஆகவே நடுவர் அவர்களே, கணக்கு வருவது கனிவாலேதான் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். இன்னிக்கு ராத்திரி வீட்டுப்பாடம் எழுத உட்காரப்போற பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.