தராசு அசையவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்

(மகளிர் பிரிவின் வட்டாரக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



நமது மகளிர் பிரிவு சனிக்கிழமை நிறுவையைத் தொடங்கிய முதல் மாதம் வாசிகசாலை நிறைந்து வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். சீனி வியாதி, பிரஷர் என்று கிளினிக்கில் கார்டு வைத்திருப்பவர்கள், உடம்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியவர்கள், பக்கத்து வீட்டு அக்கா போகிறார் என்று கூட வந்தவர்கள், எல்லாரும் வந்தார்கள். முதல் இரண்டு வாரத்தில் சிலருக்கு இரண்டு கிலோ, சிலருக்கு மூன்று கிலோ குறைந்தது. கைதட்டினோம். மூன்றாம் மாதம் பாதிப் பேருக்கு மேல் காணவில்லை. லயம் லயமாகப் போய்க் கேட்டோம். எல்லா வாசலிலும் ஏறக்குறைய ஒரே பதில்: "என்னா செய்றது மிஸ்ஸி, சீனி போடாமத்தான் தேத்தண்ணி குடிக்கிறேன். முள்ளு நகர மாட்டேங்குது. நமக்கு இதெல்லாம் சரிப்படாது."

எனக்குக் கொடுத்த தலைப்பு தொற்றா நோய்கள். அது பெரிய தலைப்பு. நான் இன்றைக்கு அந்த ஒரு பதிலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில், இந்தப் பேச்சு எல்லாருக்கும் உரியதல்ல. நமது தோட்டங்களில் இரத்தம் குறைந்து, எலும்பும் தோலுமாய் மலை ஏறுகிறவர்கள் இன்னமும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும். வயிற்றில் பிள்ளை இருப்பவர்களும், பால் கொடுப்பவர்களும் இதைக் காதில் வாங்க வேண்டாம். தெற்காசிய உடம்புக்கு இடுப்பளவு பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் ஆண்களுக்கு 90ஐயும் தாண்டினால் சீனி வியாதிக்கும் இருதய நோய்க்கும் ஆபத்து கூடுகிறது. அந்த அளவைத் தாண்டியவர்களுக்கும், ஏற்கெனவே கிளினிக் கார்டு உள்ளவர்களுக்கும்தான் இது.

மலை ஏறி இறங்குகிற நமக்கு எப்படி உடம்பு போடுகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொழுந்து எடுக்கிற வயதில் பெரும்பாலும் போடுவதில்லை. பென்சன் எடுத்த பிறகு, பிள்ளைக்காம்பராவிலோ ஃபெக்டரியிலோ வேலை மாறிய பிறகு, முட்டிவலியால் வீட்டோடு இருந்த பிறகு போடுகிறது. வேலை மாறிவிட்டது, தட்டு மாறவில்லை. சம்பளத்தில் கழித்துக்கொண்டு அரிசியும் கோதுமை மாவும் அளந்து கொடுத்த காலத்தில் பழகிய நாக்கு நம்முடையது. அது ஒரு தலைமுறையில் மாறிவிடாது.

இனி தராசுக்கு வருவோம். மழை நாளில் கொழுந்து மடுவத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நனைந்த கொழுந்து தராசில் கனமாக நிற்கும். நிறுக்கிறவர் தண்ணீருக்கென்று கிலோக் கணக்கில் வெட்டுவார். எவ்வளவு வெட்டுவது நியாயம் என்று எத்தனை வருடமாகச் சண்டை போடுகிறோம்! அது வேறு கூட்டத்துக்கான விஷயம். ஆனால் தண்ணீரும் தராசில் நிறையாக நிற்கும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

உடம்பும் அப்படித்தான். சோறு, ரொட்டி, சீனி இவற்றிலிருந்து கிடைக்கும் மாச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரலும் தசையும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. வளர்ந்த ஒருவரிடம் இது ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்த முதல் நாட்களில் உடம்பு இந்தக் கையிருப்பை எடுத்துச் செலவு செய்கிறது. பிடித்திருந்த தண்ணீர் சிறுநீராக வெளியேறுகிறது. கருவாடு, ஊறுகாய் என்று உப்பையும் குறைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும். முதல் இரண்டு வாரத்தில் நாம் கைதட்டிய அந்த மூன்று கிலோவில் பெரும்பங்கு, ஈரக் கொழுந்தின் தண்ணீர்தான்.

அதற்குப் பிறகு மெதுவாகப் போவதுதான் கொழுப்பு. அது எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை தேத்தண்ணி, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் பன்னிரண்டு கரண்டி. அது சுமார் 200 கலோரி. அதை நிறுத்திவிட்டு, இராத்திரி ரொட்டியிலும் பாதியைக் குறைத்தால் மொத்தம் 300 கலோரி குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,700ஐ 300ஆல் வகுத்தால் ஒரு கிலோ கரைய 25 நாளுக்கு மேல் ஆகிறது. வாரத்துக்குக் கால் கிலோ. காலையில் குடித்த தண்ணீர், மாதவிலக்குக்கு முந்தின வீக்கம், மலச்சிக்கல், மழையில் நனைந்த உடுப்பு, இவையே தராசு முள்ளை ஒரு கிலோ மேலும் கீழும் ஆட்டிவிடும். அந்த ஆட்டத்தில் கால் கிலோ எங்கே கண்ணுக்குத் தெரியப்போகிறது? குறைகிறது, நமக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உடம்பு சும்மா விட்டுக்கொடுக்காது. கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ நாளுக்கு 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2011இல் வந்த ஆய்வு ஒன்றில், எடை குறைத்து ஒரு வருடம் கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே மூன்றாம் மாதத்தில் "முந்தியைவிடப் பசிக்குது மிஸ்ஸி" என்று யாராவது சொன்னால், அவரைப் பார்த்து நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று சிரிக்காதீர்கள். அவர் சொல்வது உண்மை.

இந்தப் பசியில் நமக்கே தெரியாமல் அளவு ஏறிவிடும். கோப்பையில் சீனி போடாமல், உள்ளங்கையில் வைத்துத் தொட்டு நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை. பிள்ளை மிச்சம் வைத்த பணிஸ், சம்பலில் கூடுதலாகப் போன தேங்காய்ப்பூ, திருவிழாவுக்கு வந்த பலகாரம் என்று சேர்ந்துகொண்டே போகும். முள் ஒரு மாதம் முழுக்க நகரவில்லை என்றால், ஒரு வாரத்துக்கு மட்டும் வாய்க்குள் போனதையெல்லாம் பிள்ளைகளின் பழைய கொப்பியில் எழுதிப் பாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஸ்கூல் போகிற பிள்ளை எழுதித்தரும். யாருக்கும் காட்ட வேண்டாம்.

சிலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். முள் நகரவில்லை என்றதும் ரோசத்தில் ஒரு வேளைக் கஞ்சியோடு மலைக்குப் போகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 வாலிபர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் கால்வாசி குறைந்தது. கூடவே தசையும் பலமும் குறைந்தன, எப்போதும் குளிர், எப்போதும் சாப்பாட்டு நினைப்பு, எதிலும் நாட்டமில்லை. கூடை சுமந்து சரிவில் நிற்க வேண்டிய நமக்கு அந்த நிலை ஆகாது. அதிலும் சீனி வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால், இரத்தத்தில் சீனி கீழே போய் மலையிலேயே விழுந்துவிடலாம். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தால் அது அதன் அறிகுறி. உடனே சீனி கரைத்த தண்ணீர் குடியுங்கள். சாப்பாட்டு அளவைக் குறைக்கப்போகிறோம் என்பதைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லுங்கள், மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றித் தருவார். சோற்றைக் குறைக்கிற இடத்தில் பருப்பு, கீரை, நெத்தலி, முடிந்த நாளில் முட்டை வையுங்கள். பசியும் தாங்கும், தசையும் நிற்கும்.

எனக்குப் பெரிய பயம் வேறு ஒன்று. தராசை விட்டவர்கள் அதோடு கிளினிக்கையும் விட்டுவிடுகிறார்கள். நான் வார்டில் இருந்த காலத்தில் ஒரு அம்மா வந்தார். கொழுந்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். உடம்பு குறையவில்லை, டாக்டர் ஏசுவார் என்று வெட்கப்பட்டுக் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார். மாத்திரை முடிந்தது, வாங்கவில்லை. காலில் ஒரு புண். அட்டை கடித்த புண்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார். சீனி ஏறிக் கால் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. வந்தபோது இரண்டு விரல் கறுத்துவிட்டது, எடுத்தார்கள். அதன் பிறகு அவரால் சரிவில் காலூன்றி நிற்க முடியவில்லை. அந்த வீட்டில் வேலைப்பேர் இருந்தது அவருக்கு மட்டும்தான்.

தராசு நின்றாலும் பலன் நிற்பதில்லை என்பதற்கு நான் வெறும் தைரியத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சி இருக்கிறது. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2006இல் வெளியானது. சீனி வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான புத்திமதி மட்டும். இன்னொரு பகுதியினருக்குச் சீனியையும் எண்ணெயையும் குறைத்து, தினமும் நடக்கச் சொல்லி, விடாமல் பின்தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வருடத்தில் முதல் பகுதியில் நூற்றுக்கு 55 பேருக்குச் சீனி வியாதி வந்துவிட்டது. இரண்டாம் பகுதியில் 39 பேருக்கு. அந்த இரண்டாம் பகுதியினரின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை! நம்மைப் போலவே சோறு தின்கிற தமிழ் உடம்புகள்தான் அவர்களில் பலர். தராசு அவர்களுக்கும் கைதட்டவில்லை. ஆனாலும் நூற்றில் பதினாறு பேர் தப்பினார்கள்.

அதனால் சனிக்கிழமை நிறுவையில் சில மாற்றங்கள் செய்யப்போகிறோம். கிலோவை இனி வாரம் வாரம் எழுத மாட்டோம். மாதத்தில் ஒரு தடவை, ஒரே தராசில், தேத்தண்ணிக்கு முன்னால் நிறுத்து எழுதுவோம். ஊரெல்லாம் கேட்க எண்ணை வாசிக்கும் வழக்கத்தையும் நிறுத்துகிறோம். அது சிலருக்கு உற்சாகம், பலருக்கு அவமானம். மற்ற வாரங்களில் பிரஷர் பார்ப்போம், கிளினிக் கார்டில் உள்ள சீனி அளவைப் பார்ப்போம், இடுப்பை அளப்போம். இடுப்பளவுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. படங்கு கட்டுகிற கயிறு. மாதத் தொடக்கத்தில் முடிச்சு விழுகிற இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். தராசு அசையாத மாதத்திலும் அந்த முடிச்சு அரை அங்குலம் நகர்ந்திருப்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

உடற்பயிற்சி பற்றிக் கொழுந்து மலையில் நிற்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் ஏறுவது போதும். ஃபெக்டரி, ஆபீஸ், பிள்ளைக்காம்பரா, பென்சன் ஆட்களுக்குச் சொல்கிறேன்: வாரத்தில் 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகத்தில் நடை. சந்திக்கு ஓட்டோவில் போகிற இரண்டு தடவையில் ஒரு தடவை நடந்தால் பெரும்பங்கு வந்துவிடும். தனியாக நடக்காதீர்கள், அடுத்த வீட்டு ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள். இருட்டியபின் வேண்டாம், சிறுத்தையும் குளவியும் உள்ள ஊர் நம்முடையது.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. அக்கா சீனியில்லாமல் குடிக்கும்போது, அவர் எதிரில் உட்கார்ந்து நாலு கரண்டி போட்டுக் கலக்காதீர்கள். நீங்களும் ஒரு கரண்டி குறையுங்கள். சீனி விற்கிற விலையில் அது வீட்டுக்கும் நல்லது.

கடைசியாகக் கமிட்டிக்கு ஒரு கோரிக்கை. கிளினிக் நாளில் காலையில் போய், துண்டு எடுத்து, வரிசையில் இருந்து, மருந்து வாங்கித் திரும்பும்போது பகல் தாண்டிவிடுகிறது. சில தோட்டங்களில் அன்றைக்கு அரைப்பேர், சில இடத்தில் பேரே இல்லை. ஒரு நாள் சம்பளத்தை இழந்துதான் மாத்திரை வாங்க வேண்டும் என்றால், தராசும் நகராத மாதத்தில் எந்த அக்கா போவார்? கிளினிக் துண்டைக் காட்டினால் முழுப்பேர் போட வேண்டும் என்பதை அடுத்த பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கும்படி மகளிர் பிரிவின் சார்பில் முன்மொழிகிறேன். தலைவிமார் வழிமொழிவார்கள் என்று நினைக்கிறேன்.

தையல்காரர் பாவிக்கிற அளவு நாடா தோட்டத்துக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் மாதர் தலைவிமார் என்னிடம் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். நிறுவைக்கு வராமல் நின்றவர்களின் பெயர்ப் பட்டியலும் என்னிடம் இருக்கிறது. அதைச் சுவரில் ஒட்ட வேண்டாம். இந்த வாரம் அவரவர் லயத்துக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.