தொந்தியும் ஆண் ஹார்மோனும்

(மாட்டுங்காவில் மூத்த அங்கத்தினர்கள் கூடியபோது ஆற்றிய உரையின் சுருக்கம்)

மாமிகள் இருக்கும் சபையில் இதைப் பேசலாமா என்று ஒருவர் தயங்கினார். ஆத்துக்காரரின் தொந்தியைப் பற்றி அவர்களைவிட யாருக்குக் கவலை? நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து, சர்க்கார் உத்தியோகத்தில் ரிடையரானவன்.

ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்த்த தலைமுறை நாம். "வெயிட் நார்மல்தான் ஸார்" என்கிறோம். 2004-ல் லான்செட் பத்திரிகையில் ஒரு போட்டோ வந்தது. புனே கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2! கைகால் மெலிந்து வயிற்றில் கொழுப்பு சேர்வது நம் தேசத்து உடல்வாகு. வெயிட் மெஷின் அதைக் காட்டாது.

அந்தக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள அரோமட்டேஸ் என்னும் என்ஸைம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடையோல் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. அதைக் கண்டு மூளையும் உற்பத்தி உத்தரவைக் குறைக்கிறது. ஹார்மோன் குறைந்தால் தசை கரையும், கொழுப்பு ஏறும். தவிர, இன்சுலின் கூடினால், ஹார்மோனை ரத்தத்தில் சுமக்கும் புரோட்டீனைக் கல்லீரல் குறைவாகவே தயாரிக்கும். அதனாலேயே ரிப்போர்ட்டில் மொத்த அளவு குறைந்து தெரியலாம். ஆகவே குண்டானவர்களுக்கு, புரோட்டீனோடு சேராத 'ஃப்ரீ' அளவையும் டாக்டர் பார்க்கவேண்டியிருக்கும். காலையில், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில் எடுத்த ரத்தமே கணக்கு. சாயந்திரம் எடுத்தால் அளவு இயற்கையாகவே குறைவு.

களைப்பு என்றதும் இஞ்செக்ஷன், ஜெல் என்று ஓடுகிறார்கள். வயோதிகத்தால் மட்டும் குறைந்தவர்களுக்கு இவை அனுமதிக்கப்பட்டவை அல்ல என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2015-லேயே எச்சரித்தது. எனக்கு அதிகக் கவலை நம் பிள்ளைகளைப் பற்றித்தான். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, முப்பத்தைந்து வயதில் தொந்தி. ஜிம்மில் யாரோ சொன்னார் என்று ஊசி. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விந்தணுவும் குறையும். குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு இது நேர்விரோதம் அல்லவா?

ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் ஆண்களைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்து 2013-ல் முடிவு வெளியிட்டார்கள். எடை ஏறியவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது. இளைத்தவர்களுக்கு ஏறியது, அதுவும் 15 சதவீதத்துக்கு மேல் இளைத்தவர்களுக்கு நன்றாகவே.

இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு வரம்பு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் முப்பத்தைந்தரை இன்ச். பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள், பெல்ட்டைத் தொந்திக்குக் கீழே அல்லவா போடுகிறோம்! கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை உள்ளே இழுக்காமல் அளக்கவேண்டும். டேப் கொண்டுவந்திருக்கிறேன். டிபனுக்கு முன்பே வாருங்கள்.