ஒரு கிளாஸ் ரெட் வைனும் ஒரு ராத்திரி தலைவலியும்

இன்னைக்கு எபிசோட் ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்குது. ஒரு நேயர் எழுதியிருந்தாங்க: "டீம் டின்னர்ல ஒரு கிளாஸ் ரெட் வைன் குடிச்சா போதும், வீட்டுக்குக் கிளம்புறதுக்குள்ள தலை வெடிக்குது. பக்கத்துல இருக்கிறவங்க மூணு கிளாஸ் அடிச்சிட்டு சும்மா ஜம்முனு இருக்காங்க. உனக்கு சல்ஃபைட் அலர்ஜின்னு ஃப்ரெண்ட் சொல்றா. நிஜமா?"

படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. இந்த மெயிலை நானே எழுதியிருக்கலாம். முதல் வேலையில சேர்ந்த புதுசுல டீம் அவுட்டிங். அரை கிளாஸ் தான் குடிச்சேன். ஒரு மணி நேரத்துல இடது பக்க நெற்றிப்பொட்டுல விண் விண்ணுன்னு தெறிக்க ஆரம்பிச்சுது. லைட்டைப் பார்க்க முடியலை, குமட்டல் வேற. "முதல் தடவை அப்படித்தான் மச்சி, போகப் போகப் பழகிடும்"னாங்க. நானும் ரெண்டு வருஷம் விசுவாசமா பழகிப் பார்த்தேன். பழகலை. அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்கலாம். குடிச்சதால வர்ற தலைவலி ஒண்ணு இல்லை, ரெண்டு. தலைவலிகளை வகைப்படுத்துற சர்வதேசப் பட்டியல்லயே இதைத் தனித்தனியா வச்சிருக்காங்க. குடிச்சு 3 மணி நேரத்துக்குள்ள வந்தா அது உடனடித் தலைவலி. 5-ல இருந்து 12 மணி நேரம் கழிச்சு, அதாவது மறுநாள் காலைல வந்தா, அது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஹேங்ஓவர். நிறையக் குடிச்சா ஹேங்ஓவர் யாருக்கும் வரலாம். ஆனா ஒரே கிளாஸ்ல, பார்ட்டி முடியறதுக்கு முன்னாடியே தலை பிடிக்குதுன்னா அது வேற கேஸ். மெயில்ல இருக்கிறது அந்த ரகம்.

இப்போ சல்ஃபைட். வைன் கெடாம இருக்கச் சேர்க்கிற பொருள். பாட்டில் லேபிள்லயே போட்டிருக்கிறதால பழி முழுக்க அது மேல விழுது. ஆனா பொதுவா ஒயிட் வைன்ல தான் ரெட் வைனைவிட சல்ஃபைட் அதிகம். உலர்ந்த ஆப்ரிகாட் மாதிரி பழங்கள்ல அதைவிட அதிகமாவே இருக்கும். டிரை ஃப்ரூட் பாக்கெட்டைக் காலி பண்ணிட்டு யாரும் தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றதில்லையே. ஆஸ்துமா இருக்கிற சிலருக்கு சல்ஃபைட் மூச்சுத்திணறலைக் கிளப்பும், அது உண்மை. உங்க ரெட் வைன் தலைவலிக்கு அது நல்ல சந்தேக நபர் இல்லை.

அப்போ யாரு? இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது, கொஞ்சம் இன்ஜினியர் மாதிரி பேசறேன், பொறுத்துக்கோங்க.

ஆல்கஹாலை நம்ம கல்லீரல் ரெண்டு ஸ்டெப்ல உடைக்குது. முதல் ஸ்டெப்ல ஆல்கஹால் அசிட்டால்டிஹைடா மாறும். இது நச்சுப் பொருள். ரெண்டாவது ஸ்டெப்ல ஏஎல்டிஎச்2-ன்னு ஒரு என்சைம் அதை அசிட்டேட்டா மாத்திடும், அது பெரிசா தொல்லை தராது. முதல் கவுன்ட்டர் வேகமாவும் ரெண்டாவது கவுன்ட்டர் மெதுவாவும் இருந்தா என்ன ஆகும்? நடுவுல க்யூ நிக்கும். இங்க க்யூல நிக்கிறது விஷம். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும், தலை வலிக்கும்.

கிழக்கு ஆசியாவுல, அதாவது சீனா, ஜப்பான், கொரியா பக்கம், சுமார் மூணுல ஒரு பங்கு பேருக்குப் பிறப்புலயே இந்த ரெண்டாவது கவுன்ட்டர் மந்தம். காரணம் அந்த ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. ஒரு கேரக்டர் தப்பா போனதுக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடினவங்களுக்கு இந்த வலி புரியும். நம்ம பக்கம் இந்த மாற்றம் அரிது.

இதே என்சைமை மாத்திரையால நிறுத்தவும் முடியும். டைசல்ஃபிராம்னு ஒரு மருந்து, ரப்பர் தொழில்ல பயன்பட்ட ரசாயனம். அந்தத் தொழிலாளர்களுக்குக் குடிச்சா ஒத்துக்கலைன்னு 1930-கள்லயே கவனிச்சிருக்காங்க. 1940-கள்ல டென்மார்க்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் குடற்புழு மருந்தா ஆராயறப்போ தாங்களே போட்டுப் பார்த்தாங்க. அப்புறம் குடிச்சப்போ உடம்பு படுத்தின பாட்டுல விஷயம் பிடிபட்டுச்சு. குடியை விட நினைக்கிறவங்களுக்கு டாக்டர் மேற்பார்வையில இன்னைக்கும் அதைக் கொடுக்கிறாங்க.

சரி, ரெட் வைனுக்கு வருவோம். 2023-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல ஒரு குழு ஒரு விளக்கத்தை முன்வச்சாங்க. திராட்சைத் தோல்ல குவெர்செட்டின்னு ஒரு பொருள் இருக்கு. தோலோட ஊறவைக்கிறதால ரெட் வைன்ல அது அதிகம். நல்ல வெயில் பட்ட திராட்சையில இன்னும் அதிகம். உடம்புக்குள்ள போனதும் குவெர்செட்டின் வேற வடிவத்துக்கு மாறுது, அந்த வடிவம் ஏஎல்டிஎச்2-வைத் தடுக்குது. அதே ரெண்டாவது கவுன்ட்டர்! வேடிக்கை என்னன்னா, வெங்காயத்துலயும் குவெர்செட்டின் தாராளமா இருக்கு. நம்ம சின்ன வெங்காய சாம்பாருக்கு ஏன் தலைவலி வர்றதில்லை? அங்க ஆல்கஹால் இல்லை, க்யூ நிக்க ஆளே இல்லை.

ஆனா இது சோதனைக்கூடத்துல என்சைமை வச்சுப் பார்த்த ஆய்வு. மனுஷங்ககிட்ட நிரூபிச்சது கிடையாது. "வெயில்ல காயாத திராட்சை வைன் வாங்குங்க"ன்னு யாராவது ரீல்ஸ் போட்டா நம்பிடாதீங்க.

ரெட் வைன் தலைவலி வெறும் மனப்பிரமையான்னு ஒரு கேள்வி வரும். 1988-ல லண்டன்ல ஒரு சின்ன சோதனை பண்ணினாங்க. ரெட் வைனால மைக்ரேன் வருதுன்னு சொன்ன 19 பேர். சிலருக்கு ரெட் வைன், சிலருக்கு அதே அளவு ஆல்கஹால் இருக்கிற மாதிரி கலந்த வோட்கா. எது எதுன்னு தெரியாத மாதிரி மறைச்சுக் கொடுத்தாங்க. வைன் குடிச்ச 11 பேர்ல 9 பேருக்கு மைக்ரேன். வோட்கா குடிச்ச 8 பேர்ல ஒருத்தருக்குக்கூட இல்லை. சின்ன எண்ணிக்கைதான், ஆனா பிரமைன்னு ஒதுக்க முடியாது.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு. 2019-ல நெதர்லாந்து லெய்டன்ல மைக்ரேன் இருக்கிற 2,000-க்கும் மேற்பட்டவங்களைக் கேட்டாங்க. சுமார் 36 சதவீதம் பேர் மதுவைக் காரணமா சொன்னாங்க, அதுல ரெட் வைன் தான் முதலிடம். ஆனா ரெட் வைன் குடிச்சா கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும் வருதுன்னவங்க 9 சதவீதம் கூட இல்லை. அதாவது வைன் மட்டும் காரணம் இல்லை, மத்த விஷயங்களும் சேர்ந்து தள்ளுது. பார்ட்டி ராத்திரியை நினைச்சுப் பாருங்க. மதியம் ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டோம், தூக்கம் பத்தாது, டிஜே சத்தம், கண்ணுல அடிக்கிற லைட், டின்னர் பதினொரு மணிக்கு. பழி மட்டும் கிளாஸுக்கு.

என் கதை இங்கதான் முடிஞ்சுது. நியூராலஜிஸ்ட் கேட்ட முதல் கேள்வி, "குடிக்காத நாள்ல வலி வருமா?" யோசிச்சேன். ரிலீஸ் நைட்ல வரும். லஞ்ச் விட்டா வரும். எனக்கு மைக்ரேன். காலேஜ்ல இருந்தே இருந்திருக்கு, சைனஸ்னு நினைச்சுத் தைலம் தேய்ச்சுக்கிட்டே இருந்திருக்கேன்.

இதுல எனக்கு நிஜமாவே பயம் தர்ற விஷயம் அந்த ரெண்டு வருஷம் நான் பண்ணின ஒரு வேலை. பார்ட்டிக்கு முன்னாடி "சேஃப்டிக்கு" ஒரு பாராசிட்டமால். என்னை மாதிரி பண்றவங்க நிறையப் பேரைத் தெரியும். பாராசிட்டமாலையும் ஆல்கஹாலையும் கையாள்றது ஒரே கல்லீரல். வழக்கமா நிறையக் குடிக்கிறவங்களுக்கு அது ஆபத்தான ஜோடி. ஐபுப்ரோஃபென்னா வயித்துல புண், ரத்தக்கசிவு. முகம் சிவக்கிறதை மறைக்க அசிடிட்டி மாத்திரை போடற பழக்கமும் சில இடங்கள்ல இருக்கு. சிவப்பு மறையும், அசிட்டால்டிஹைடு போகாது. அந்த மந்தமான ஜீன் இருந்தும் தொடர்ந்து குடிக்கிறவங்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து அதிகம்னு தெளிவாவே தெரியும். அலாரம் அடிக்குதுன்னு வயரைப் பிடுங்கற வேலை அது.

இன்னொண்ணு, சுருக்கமா. குடிச்ச கொஞ்ச நேரத்துல ஒரே கண்ணைச் சுத்திக் குத்தற வலி, அந்தப் பக்கக் கண்ணுல தண்ணி, உட்கார முடியாத தவிப்புன்னா அது கிளஸ்டர் தலைவலியா இருக்கலாம், டாக்டரைப் பாருங்க. திடீர்னு வாழ்க்கையிலேயே வராத அளவு வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல்னா "ஓவரா ஆயிடுச்சு"ன்னு படுக்க வைக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

மெயில் அனுப்பினவங்களுக்கு: ரெண்டு மாசம் ஒரு நோட்ல எழுதுங்க. வலி வந்த நாள், நேரம், அதுக்கு முன்னாடி சாப்பிட்டது, தூங்கினது, பீரியட்ஸ் தேதி. டெஸ்ட் பண்றதுக்காகக் குடிக்க வேண்டாம், இருக்கிறதை எழுதினா போதும். அதை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. டீம் டின்னருக்கு? நான் உள்ள போனதும் முதல் வேலையா ஒரு லைம் சோடா வாங்கிக் கையில வச்சுக்குவேன். கையில கிளாஸ் இருந்தா யாரும் எதுவும் கேட்கறதில்லை. கேட்டா "தலைவலி வரும்"னு சொல்லுவேன். "பழகிடும்"னு இப்பவும் ஒருத்தர் சொல்லுவார். "ரெண்டு வருஷம் ட்ரை பண்ணிட்டேன் ப்ரோ"ன்னுட்டு ஸ்டார்ட்டர் பக்கம் நகர்ந்துடுவேன்.

நோட் எழுதி முடிச்சதும் மறுபடி மெயில் போடுங்க, இங்கயே படிக்கிறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.